கேள்வித்தாளை நீட்டும் முன்

கேள்வி: ஏறத்தாழ ஆயிரம் மாணவர்கள் படிக்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியராக இருக்கிறேன். சென்ற கல்வியாண்டில் எங்கள் மாணவி ஒருவர் தற்கொலைக்கு முயன்று, காப்பாற்றப்பட்டு, இப்போது மீண்டும் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறார். பிள்ளைகளின் மனநலத்துக்கென்று எங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நிர்வாகம் ஓரளவு பணம் ஒதுக்க முன்வந்திருக்கிறது. எல்லா மாணவர்களிடமும் மனச்சோர்வுக்கான கேள்வித்தாளைக் கொடுத்துப் பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறியலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மனநல மருத்துவரை வரவழைத்து ஒருநாள் முகாம் நடத்தலாம் என்கிறார்கள் வேறு சிலர். தினமும் தியான வகுப்பு வைத்தாலே போதும் என்பாரும் உண்டு. எங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஒரே குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? பெற்றோரிடம் எந்த அளவுக்குச் சொல்வது?

பதில்: மதிப்புக்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா மாணவர்களுக்குமான கேள்வித்தாளை இந்த ஆண்டு தள்ளிவையுங்கள். கையில் இருக்கும் பணத்தை, பிள்ளைகள் தாமாகவே தேடிப்போய்ப் பேசக்கூடிய ஓர் ஆளுக்கும், அந்த ஆளுக்குப் பின்னால் நிற்கும் ஒரு மருத்துவத் தொடர்புக்கும் செலவிடுங்கள். கேள்வித்தாள் கெட்டது என்பதால் இதைச் சொல்லவில்லை. அது எழுப்பும் விடைகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் அதை நீட்டுவது, உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையைப் பிள்ளையிடம் ஏற்படுத்திவிட்டு அதை நாமே முறிப்பதாகிவிடும் என்பதால் சொல்கிறேன்.

உங்கள் நிர்வாகத்தின் அவசரம் நியாயமானதுதான். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மனநலக் குறைபாடுகள் எந்த வயதில் தலைகாட்டுகின்றன என்று 192 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2022-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவை 14 வயதுக்கு முன்பும், ஏறக்குறைய பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன என்று காட்டியது. அதாவது, நோய் தொடங்கும் காலமும் பள்ளியில் இருக்கும் காலமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. மருத்துவமனைகளோ பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே இவர்களைப் பார்க்கின்றன. ஆகவே பள்ளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதில்தான் நாம் நிதானிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வளரிளம் பருவத்தினருக்குப் பரவலாகப் பயன்படும் ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் பட்டியலை 13 முதல் 17 வயது வரையிலானவர்களிடம் சோதித்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உண்மையிலேயே கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் 89.5 விழுக்காட்டினரை அது சரியாகப் பிடித்தது. மனச்சோர்வு இல்லாதவர்களில் 77.5 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. கேட்பதற்கு நல்ல எண்கள். உங்கள் ஆயிரம் பேரில் 50 பேருக்கு அந்த நோய் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொண்டால், கேள்வித்தாள் 45 பேரைக் கண்டுபிடிக்கும், 5 பேரைத் தவறவிடும், நோயில்லாத 950 பேரில் ஏறத்தாழ 214 பேரையும் நோயாளிகள் என்று சேர்த்துக் காட்டும். ஆக, ஒரே வாரத்தில் 259 பிள்ளைகளின் பெயர்கள் உங்கள் மேசைக்கு வந்துசேரும். அவர்களில் யார் அந்த 45 பேர் என்பது தாளைப் பார்த்துத் தெரியாது. ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். ஓர் ஆலோசகர் நாளொன்றுக்கு ஐந்து பேரைப் பார்த்தாலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளி நாட்கள் ஆகும். மூன்று மாதக் காத்திருப்பு உள்ள மருத்துவரிடம் இந்த 259 பேரையும் அனுப்பினால், ஏற்கெனவே அந்த வரிசையில் நிற்கும் கடுமையான நோயாளிகள்தான் பின்னுக்குத் தள்ளப்படுவார்கள்.

இதில் இன்னும் கூர்மையான இடம் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலின் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எத்தனை நாள் தோன்றியது என்று கேட்கிறது. ஒரு மாணவர் வெள்ளிக்கிழமை மதியம் அதில் ‘ஏறக்குறைய தினமும்’ என்ற கட்டத்தை நிரப்புகிறார். தாள்களை வகுப்பாசிரியர் கட்டாகக் கட்டி அலுவலகத்தில் கொடுக்கிறார். அடுத்த வாரம் யாரோ ஒருவர் மதிப்பெண் கூட்டும்போதுதான் அந்த விடை ஒருவர் கண்ணில் படுகிறது. இடைப்பட்ட நாட்களில் அந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றியிருக்கும்? தன் வாழ்நாளில் முதன்முறையாக அதை ஒரு பெரியவருக்குத் தெரிவித்திருக்கிறார், ஒருவரும் வரவில்லை. இத்தகைய அனுபவத்துக்குப் பிறகு அவர் இன்னொரு முறை வாய் திறப்பது கடினம் என்பதை எங்கள் ஆலோசனை அறைகளில் அடிக்கடி பார்க்கிறோம்.

ஆகவே முதலில் ஆள். அவர் யாராக இருக்க வேண்டும்? மனநல மருத்துவராகவோ, மருத்துவ உளவியலில் முதுகலை முடித்தவராகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்படிக் காத்திருந்தால் பெரும்பாலான பள்ளிகள் என்றைக்குமே தொடங்க முடியாது. குறுகிய காலப் பயிற்சியும் தொடர்ச்சியான மேற்பார்வையும் கிடைத்தால், சிறப்புப் பட்டம் இல்லாதவர்களாலும் பிள்ளைகளுக்குப் பயனுள்ள உதவியைச் செய்ய முடியும் என்பதற்கு இன்று போதிய சான்று இருக்கிறது. டெல்லியின் ஆறு அரசுப் பள்ளிகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மனநலத் துறையில் தொழில்முறைத் தகுதி இல்லாத பட்டதாரிகள் பயிற்சி பெற்று, மூன்று வாரங்களில் நான்கைந்து குறுகிய சந்திப்புகள் வழியாக, பிள்ளைகளுக்குத் தம் சிக்கலைப் பிரித்துப் பார்த்து வழிதேடும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். தம்மை அதிகம் வருத்துவதாகப் பிள்ளைகளே எழுதிக்கொடுத்த சிக்கல்களின் கடுமை, கையேடு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடுகையில் ஆறாவது வாரத்தில் தெளிவாகக் குறைந்திருந்தது. நோய்க்குறிகளை அளக்கும் பட்டியலில் அந்த அளவுக்கு வேறுபாடு தெரியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என் பார்வையில் இது ஏமாற்றம் தரும் முடிவு அல்ல. பள்ளியில் உதவி தேடும் பிள்ளைகளில் பலர் நோய்க்குறியோடு வருவதில்லை. நண்பனோடு முறிந்த உறவு, வீட்டுச் சண்டை, தேர்வு பயம், கேலி என்று ஒரு சிக்கலோடுதான் வருகிறார்கள். அந்தச் சிக்கலுக்கு வழி கிடைத்தால் அவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

உங்கள் ஆசிரியர்களில் ஒருவரையே இந்தப் பொறுப்பில் அமர்த்தலாமா என்ற எண்ணம் அடுத்து எழும்; செலவும் மிச்சம். இங்கே நான் உறுதியாகத் தடுப்பேன். பீகாரில் 74 பள்ளிகளில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஒரே நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் தனியாக அமர்த்தப்பட்ட, சிறப்புப் பட்டம் இல்லாத ஆலோசகர்களும், வேறு சில பள்ளிகளில் அங்கேயே பணிபுரியும் ஆசிரியர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது; மனச்சோர்வும், கேலியும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படியான பயன் எதுவும் தெரியவில்லை. ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர்களுக்கு நேரம் இல்லை என்பது ஒன்று. தன் தாளைத் திருத்தி மதிப்பெண் போடுபவரிடமே தான் இரவெல்லாம் தூங்காமல் அழுவதைச் சொல்லப் பிள்ளை தயங்கும் என்பது, நான் கருதும் முக்கியமான இன்னொன்று. ஆசிரியர்களின் பங்கு வேறு. திடீரென மதிப்பெண் சரிவது, விளையாட்டை விட்டு ஒதுங்குவது, அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போவது, முழுக்கைச் சட்டையை எந்த வெயிலிலும் மடிக்காமல் இருப்பது போன்ற மாற்றங்களை முதலில் காண்பவர்கள் அவர்கள்தாம். கண்டதை யாரிடம், எப்படித் தெரிவிப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். வகுப்பைக் கலைக்கும் பையனைப் பற்றி எல்லா ஆசிரியர்களும் புகார் எழுதுவார்கள்; பின்வரிசையில் ஒன்றும் பேசாமல் கரைந்துகொண்டிருக்கும் மாணவியைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. பயிற்சியில் இதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆலோசகரை அமர்த்திய பிறகு அவர் எங்கே உட்காருவார் என்பதை அலுவலக உதவியாளரிடம் விட்டுவிடாதீர்கள். அந்த அறை உங்கள் அறைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. அங்கே போகும் பிள்ளை ஏதோ தவறு செய்துவிட்டதாகத்தான் மற்றவர்கள் நினைப்பார்கள். ஆசிரியர் ஓய்வறையைக் கடந்து போகும் வழியிலும் வேண்டாம். நூலகத்தை ஒட்டிய அறை கிடைத்தால் நல்லது, ஏனென்றால் அந்தத் திசையில் நடக்க எல்லாருக்கும் காரணம் இருக்கிறது. பேசுவது வெளியே கேட்கக் கூடாது. ஆனால் கதவில் ஒரு சிறு கண்ணாடித் துண்டு இருக்கட்டும், அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, ஆலோசகருக்கும் பாதுகாப்பு. கதவில் ‘மனநலம்’ என்று எழுத வேண்டியதில்லை. வகுப்பிலிருந்து அழைத்துவரச் சீட்டு அனுப்புவதாக இருந்தால், நூலகத்துக்கும் அலுவலகத்துக்கும் அழைக்கும் அதே சீட்டாக அது இருக்கட்டும். எழுதிப்போட விரும்புபவர்களுக்குப் பூட்டிய பெட்டி ஒன்று, அதன் சாவி ஆலோசகரிடம் மட்டும், தினமும் இரண்டு வேளை திறந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயத்தோடு. திறந்து பார்க்க ஆளில்லாத நாட்களில் பெட்டியை எடுத்து வைத்துவிடுவதே முறை.

இவ்வளவும் செய்துவிட்டு, பிள்ளைகள் வருவார்கள் என்று காத்திருந்தால் வர மாட்டார்கள். ஆலோசகர் ஒவ்வொரு வகுப்புக்கும் போக வேண்டும். தான் யார், எங்கே இருப்பார், என்ன மாதிரியான கவலைகளோடு வரலாம், சொன்னதை யாரிடம் சொல்ல மாட்டார் என்பதை அரை மணி நேரத்தில் பேசிவிட்டு, கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டு வர வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட டெல்லிப் பணியின் தொடர்ச்சியாக இதையும் சோதித்துப் பார்த்தார்கள். வகுப்பறையில் இத்தகைய ஓர் அமர்வு நடத்திய பிறகு உதவி கேட்டு வந்தோரின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் எவரும் அனுப்பாமல் தாமாகவே வந்தவர்கள். ஆயிரம் கேள்வித்தாள்களை அச்சடிப்பதைவிட இது மலிவானது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அடுத்து, அந்த மூன்று மாத வரிசை. அந்த மருத்துவரிடம், எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் சில நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்காதீர்கள், அவரால் முடியாது. வாரம் ஒரு மணி நேரம் காணொளியில் எங்கள் ஆலோசகரோடும், எங்கள் பகுதியிலுள்ள குழந்தைகள் நல மருத்துவரோடும் பேச முடியுமா என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் நேரில் பார்த்தால் ஒரு பிள்ளையைத்தான் பார்ப்பார். ஆலோசித்தால் ஆறேழு பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்க உதவுவார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2004-இல் இதை மாநிலம் தழுவிய ஏற்பாடாகவே தொடங்கினார்கள். குழந்தைகள் நல மருத்துவர் தொலைபேசியில் அழைத்தால், குழந்தைகள் மனநலக் குழுவிலிருந்து முப்பது நிமிடங்களுக்குள் ஒருவர் பேசுவார். பிள்ளையைத் தம்மிடமே வைத்து மருத்துவம் பார்க்கலாமா, சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்பது அந்த உரையாடலிலேயே தெளிவாகிவிடும். இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் இதைப் போன்ற ஏற்பாடு இருக்கிறது. வரிசை உண்மையிலேயே சுருங்குவது இப்படித்தான்: சிறப்பு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டியவர்கள் மட்டும் அவரிடம் போவார்கள், மற்றவர்கள் பழகிய மருத்துவரிடமே குணமடைவார்கள்.

குழந்தைகள் நல மருத்துவரை இந்த வட்டத்துக்குள் கொண்டுவருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு ரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ இருக்கலாம். பாடத்தில் கவனமில்லை என்று அனுப்பப்படும் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காமலோ, நொடிநேரம் நினைவு தப்பும் வகை வலிப்பு நோயோ இருக்கலாம். நள்ளிரவு வரை விழித்திருக்கும் பிள்ளையின் எரிச்சலை எந்த ஆலோசனையாலும் தீர்க்க முடியாது. உடலைப் பார்க்காமல் மனத்தைப் பார்க்கக் கூடாது என்பதை ஆலோசகர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. மருந்து தேவைப்படும் நிலையும் சிலருக்கு வரும். மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வில் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மருந்து, பேச்சுவழிச் சிகிச்சையோடு சேர்ந்து, நன்றாகவே உதவுகிறது. ஆனால் மனச்சோர்வு மருந்துகள் இளம் வயதினர் சிலரிடம் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் எச்சரிக்கை வெளியிட்டது. தொடங்கிய முதல் சில வாரங்களில் பிள்ளையை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். அந்த வாரங்களில் பள்ளி ஆலோசகர் தினமும் ஒரு முறை அந்தப் பிள்ளையைப் பார்த்து வைப்பது மருத்துவருக்குப் பெரிய துணை.

இனி, நீங்கள் கேட்ட மிகக் கடினமான கேள்விக்கு வருகிறேன்: பெற்றோரிடம் எவ்வளவு சொல்வது? எந்த வயதுவரை பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்கு அப்பால் ஒரு முறைமை இருக்கிறது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பெற்றோரின் வழிகாட்டும் உரிமையை மதிக்கும்போதே, அது குழந்தையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே விதி பொருந்தாது. நடைமுறையில் நான் சொல்வது இதுதான்: கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே, பள்ளியில் இப்படி ஓர் ஆலோசகர் இருக்கிறார், பிள்ளைகள் அவரைச் சந்திக்கலாம் என்று எல்லாப் பெற்றோருக்கும் எழுதிப் பொதுவான ஒப்புதலைப் பெற்றுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய நிலை இருந்தால், மிகவும் தேவைப்படும் பிள்ளைகளே வராமல் போவார்கள்.

முதல் சந்திப்பின் முதல் சில நிமிடங்களில், பிள்ளை எதையும் சொல்லத் தொடங்கும் முன்பே, ஆலோசகர் இரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். “நீ சொல்வது நமக்குள்ளேயே இருக்கும். உன் உயிருக்கோ, வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்று எனக்குத் தோன்றினாலும், யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தாலும், நான் மற்றவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போதும் உன்னிடம் சொல்லாமல் சொல்ல மாட்டேன். யாரிடம், எப்படிச் சொல்வது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.” இதை முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகள் பேச மாட்டார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பின்னால் தெரியவரும்போது உடையும் நம்பிக்கைதான் பெரிய இழப்பு. பெற்றோர் கேட்டால், பிள்ளை சொன்ன சொற்களைத் திருப்பிச் சொல்லாமல், “தூக்கம் கெட்டிருக்கிறது, தேர்வைப் பற்றிய பதற்றம் மிகுந்திருக்கிறது, வீட்டில் இந்த உதவி தேவை” என்ற அளவில் சொல்லலாம். பெரும்பாலான பெற்றோருக்கு இதுவே போதுமானதாக இருக்கும். துன்பத்தின் காரணமே வீடாக இருக்கும்போது மட்டும் இந்த முறை செல்லாது. அங்கே குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் வழியில்தான் போக வேண்டும், முதல் தகவலைப் பெற்றோருக்குக் கொடுக்கக் கூடாது.

உயிராபத்து உள்ள நாளில் யார் என்ன செய்வது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி ஆலோசகர், நீங்கள், துணைத் தலைமையாசிரியர் ஆகியோர் கையில் வைத்திருங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆம் என்று சொல்லும் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும், மூன்று மாத வரிசை இங்கே பொருந்தாது. அவசரச் சிகிச்சை உள்ள எந்த மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லலாம். பெற்றோரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சிக்கொல்லி, ஆயுதம் எதுவானாலும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். தற்கொலை உந்துதல் பெரும்பாலும் குறுகிய நேரமே உச்சத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் பொருள் எது என்பதே பல வேளைகளில் விளைவைத் தீர்மானிக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்ததை அடுத்து, 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. மனிதர்களின் துயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். கைக்கு எட்டிய நஞ்சு குறைந்தது.

மீண்டு வந்திருக்கும் உங்கள் மாணவியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். முயற்சிக்குப் பிந்தைய மாதங்கள்தாம் ஆபத்து மிகுந்தவை. எனவே புதிய ஆலோசகரின் முதல் பொறுப்பு அவராகத்தான் இருக்க வேண்டும். என்ன நடந்தது என்று பள்ளியில் யார் கேட்டாலும் சொல்வதற்கு ஒரு சிறு விடையை அவரோடு சேர்ந்து ஆயத்தப்படுத்துங்கள். விடுபட்ட பாடங்களை எல்லாம் உடனே எழுதிமுடிக்கச் சொல்லாதீர்கள். வகுப்பில் தாங்க முடியாமல் போனால் அனுமதி கேட்காமலே எழுந்து போகக்கூடிய ஓர் இடத்தை அவருக்குச் சொல்லிவையுங்கள். ஆசிரியர்களில் அவர் விரும்பும் ஒருவர், தினமும் காலையில் இரண்டு நிமிடம் அவரோடு பேசினால் போதும். நடந்ததைப் பற்றிப் பேச வேண்டியதுகூட இல்லை.

ஒருநாள் முகாமைப் பற்றி நீண்டு எழுத ஒன்றுமில்லை. மாலையில் மருத்துவர் போய்விடுவார், பிள்ளை அங்கேயே இருக்கும். புகைப்படங்கள் நன்றாக வரும்.

தியான வகுப்பு பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு பல பள்ளிகள் அதில்தான் முதல் பணத்தைப் போடுகின்றன. பிரிட்டனில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கி நடந்து 2022-இல் முடிவு வெளியான ஆய்வு ஒன்றில், 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியர்கள் வழியாக மனக்கவனப் பயிற்சி, அதாவது நிகழும் கணத்தில் கவனத்தை நிறுத்தும் தியான வகைப் பயிற்சி, அளித்துப் பார்த்தார்கள். பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் நலப் பாடங்களைவிட அதனால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. விருப்பமுள்ளவர்களுக்கு அது இதமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆயினும் எல்லாருக்கும் கட்டாயமாக வைக்கும்போது அது இன்னொரு பாடவேளையாகிவிடுகிறது. எல்லா மாணவர்களுக்குமான வகுப்பு ஒன்று வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தினால், பத்து ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளில் சோதிக்கப்பட்டு 2015-இல் முடிவு வெளியான முறையைப் பாருங்கள். அதில் பிள்ளைகள் தம் வாழ்க்கைச் சிக்கல்களைத் தாமே நடித்தும் விவாதித்தும் பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு, அந்த வகுப்பு இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட்டால், புதிய தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாக இருந்தன. அதே ஆய்வில், ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளிலும், கேள்வித்தாள் கொடுத்துக் கண்டறிந்து அனுப்பிய பள்ளிகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பது உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் படித்துக்காட்டத் தக்கது.

முதல் ஆண்டின் முடிவில் நிர்வாகம் கணக்குக் கேட்கும். எத்தனை பேருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது என்ற எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். பிள்ளை முதலில் கேட்ட நாளுக்கும் முதல் சந்திப்புக்கும் இடையே எத்தனை நாள் ஆனது, வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறையும் வந்தார்கள், தாமாக வந்தவர்கள் எத்தனை பேர், மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்களில் உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். யார் வரவில்லை என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் மாணவர்களில் ஆண்கள், விடுதியில் தங்கியிருப்பவர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், அடிக்கடி பள்ளிக்கு வராதவர்கள் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். நெடுநாள் வராத பிள்ளைக்கு ஆலோசகர் தொலைபேசியில் பேசுவதும் அவர் வேலையின் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

இந்த எண்கள் ஓராண்டு சீராக வந்தால், அப்போது கேள்வித்தாளை எடுக்கலாம். ஆயிரம் பேருக்கும் ஒரே நாளில் கொடுக்காமல் ஒரு வாரத்துக்கு ஒரு வகுப்பு என்று கொடுங்கள், வாரத் தொடக்கத்தில் கொடுங்கள், ஒன்பதாவது கேள்வியின் விடையைப் பிள்ளைகள் வீடு திரும்பும் முன் ஒருவர் படித்து முடித்திருக்க வேண்டும். மனச்சோர்வை மட்டும் தேடுவதைவிட, 25 கேள்விகளில் நடத்தை, கவனம், நட்பு, மனவெழுச்சி ஆகியவற்றோடு பிள்ளையின் நல்லியல்புகளையும் கேட்கும் ‘வலிமைகளும் சிரமங்களும்’ என்ற பட்டியல் பள்ளிக்குக் கூடுதலாகப் பொருந்தும். 11 வயது முதல் பிள்ளைகளே அதை நிரப்பலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மூத்த மாணவர்கள் பள்ளியை முடித்து வெளியேறும் ஆண்டில்தான் பலருக்கு உதவி அறுந்துபோகிறது. குழந்தைகள் பிரிவு 18 வயதோடு முடிந்துவிடும், பெரியவர்கள் பிரிவு அவர்களைப் புதிய நோயாளியாக வரிசையின் கடைசியில் நிறுத்தும். இந்தப் பிளவைத் தவிர்க்கவே ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கப்பட்ட ‘ஹெட்ஸ்பேஸ்’ நிலையங்கள் 12 முதல் 25 வயது வரை ஒரே இடத்தில் பார்க்கும்படி அமைக்கப்பட்டன. உங்களால் நிலையம் தொடங்க முடியாது. ஆலோசகரைச் சந்தித்துவரும் ஒவ்வொரு இறுதியாண்டு மாணவருக்கும், பள்ளி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அடுத்துப் பார்க்க வேண்டிய மருத்துவரை முடிவு செய்து, முதல் சந்திப்புக்கான நாளையும் குறித்து, சிகிச்சைச் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிட முடியும். உங்கள் மருத்துவரின் காத்திருப்புக் காலமும் அதே மூன்று மாதம் என்பதால், அந்தப் பதிவை இறுதிப் பருவம் தொடங்கும் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.